வீட்டுப் பட்டறைக்குப் பிளாஸ்மா கட்டர்: மின் இணைப்பு முதல் வெட்டு விளிம்பு வரை

கேட், மோட்டார் ஸ்டாண்டு, டிராலி, அடுப்பு என்று வீட்டுப் பட்டறையில் வேலை செய்பவருக்கு நேர்வெட்டு பெரிய விஷயமில்லை. ஆங்கிள், சதுரக் குழாய், ஃபிளாட் (பட்டை இரும்பு) எல்லாவற்றையும் சாப்-சா (வட்டத் தகட்டால் நேராக அறுக்கும் இயந்திரம்) பார்த்துக்கொள்ளும். 6 மி.மீ. தகட்டில் ஒரு வட்டம், ஒரு வளைவு, நடுவில் ஒரு சதுரத் துளை என்று வரும்போதுதான் நாலு இஞ்ச் கிரைண்டர் திணறும். அந்த இடத்துக்கு உரியது பிளாஸ்மா கட்டர்.

கையில் பிடிக்கும் டார்ச்சின் முனையில் உள்ள நாசிலின் சின்னத் துளை வழியே அழுத்தக் காற்று பாய்கிறது. நாசிலுக்கு உள்ளே இருக்கும் எலக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் இடையே ஓடும் மின்வில் அந்தக் காற்றை 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கிப் பிளாஸ்மாவாக்குகிறது. சூடு உலோகத்தை உருக்குகிறது, காற்றின் வேகம் உருகியதைக் கீழே தள்ளுகிறது. மின்சாரம் கடத்தும் உலோகம் எதுவானாலும் வெட்டுப்படும். கேஸ் கட்டிங் அப்படியல்ல. அது இரும்பை ஆக்சிஜனில் எரித்து வெட்டும் முறை. எஸ்.எஸ். எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அலுமினியத்திலும் மேலே உருவாகும் ஆக்சைடு படலம், அடியில் இருக்கும் உலோகத்தைவிட அதிகச் சூட்டில்தான் உருகும் என்பதால் அங்கே அந்த முறை நின்றுவிடும். 25 மி.மீ.க்கு மேற்பட்ட எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகடுதான் உங்கள் அன்றாட வேலை என்றால் கேஸ் செட்டே போதும். 1 முதல் 10 மி.மீ. வரை பலவகை உலோகம் என்றால் மேலே படியுங்கள்.

பெரும்பாலானோர் ஆம்ப் எண்ணைப் பார்த்து இயந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு கம்ப்ரஸர் தேடுகிறார்கள், கடைசியில் ஒயரிங்கைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மின்சாரம், அடுத்து காற்று, அதற்கும் அடுத்துதான் இயந்திரம். காற்று சரியில்லாத 60 ஆம்ப் இயந்திரத்தைவிட, உலர்ந்த காற்று கிடைக்கும் 40 ஆம்ப் இயந்திரம் நன்றாக வெட்டும்.

மின் இணைப்பு

40 ஆம்ப் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த இயந்திரங்களுக்கான தரநிலைக் கணக்கு, வெட்டும்போது உள்ள மின்னழுத்தத்தை 80 உடன் ஆம்ப்பின் 0.4 மடங்கைக் கூட்டி எடுக்கிறது. 40 ஆம்ப்புக்கு 96 வோல்ட். ஆக வெளியே போகும் சக்தி 3,840 வாட். 85 சதவீதத் திறன் என்று வைத்தால் உள்ளே இழுப்பது சுமார் 4,500 வாட். சாதாரண இன்வெர்ட்டர் இயந்திரங்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் பங்கு) 0.7 வாக்கில் இருக்கும். அதையும் சேர்த்தால் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் ஏறக்குறைய 28 ஆம்ப்.

அதனால் வீட்டில் ஏ.சி.க்குப் போட்ட 16 ஆம்ப் பாயின்ட்டில் செருகி முழுத்திறனில் ஓட்ட முடியாது. பிளக் முள் சூடாகிக் கருகுவதுதான் நடக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 32 ஆம்ப் சி-கர்வ் எம்.சி.பி., 4 ஸ்குவேர் எம்.எம். காப்பர் ஒயர், 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். தூரம் 15 மீட்டரைத் தாண்டினால் 6 ஸ்குவேர் எம்.எம். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பயன்படுத்தினால் அதிலேயே வோல்டேஜ் இறங்கி, வில் பலவீனமாகும். சுருட்டி வைத்த நிலையில் ஓட்டினால் ஒயரே உருகும்.

இதோடு கம்ப்ரஸரும் சேரும். 2 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 9, 10 ஆம்ப், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. இரண்டும் ஒரே ஃபேஸில் இருந்தால் கட்டரில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஸர் கிளம்பி வோல்டேஜைக் கீழே இழுக்கும், வில் அணையும். வீட்டில் த்ரீ ஃபேஸ் இருந்தால் கம்ப்ரஸரை வேறு ஃபேஸுக்கு மாற்றுங்கள். சிங்கிள் ஃபேஸ் மட்டும்தான் என்றால், டேங்கை முழுக்க நிரப்பி, கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுச் சிறு வெட்டுகளாகப் போடலாம். 100 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 5.5 பாருக்கு இறங்குவதற்குள் சுமார் 250 லிட்டர் காற்று தரும். நிமிடத்துக்கு 120 லிட்டர் இழுக்கும் டார்ச்சுக்கு அது இரண்டு நிமிட வெட்டு.

உங்கள் இ.பி. இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கூட்ட விண்ணப்பியுங்கள். வெளியார் வேலையைக் காசுக்குச் செய்வதாக இருந்தால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது. எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள், கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காற்று

விலைப்பட்டியலில் எந்த மூலையிலும் இருக்காத செலவு இதுதான். பிளாஸ்மா வாங்கி ஏமாந்தேன் என்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் ஈரக் காற்று.

40 ஆம்ப் டார்ச்சுக்கு, வெட்டிக்கொண்டிருக்கும்போது 4.5 முதல் 5.5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 150 லிட்டர் காற்று தேவை. கம்ப்ரஸர் கடையில் சொல்லும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் பிஸ்டன் அசையும் கொள்ளளவு. வெளியே நிஜமாக வரும் காற்று, அதாவது எஃப்.ஏ.டி., அதில் 70 சதவீதம் வாக்கில்தான் இருக்கும். எஃப்.ஏ.டி. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பெல்ட்டில் ஓடும் 2 ஹெச்.பி. கம்ப்ரஸர், 100 லிட்டர் டேங்க், இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் குறைந்தபட்ச அளவு. பஞ்சர் கடை ரகம் 1 ஹெச்.பி. வைத்தால் சற்று நேரம் வெட்டிவிட்டு, டேங்க் மறுபடி நிரம்பக் காத்திருக்க வேண்டும்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். 30 டிகிரி வெயில், 80 சதவீத ஈரப்பதம் என்பது சென்னையிலோ தூத்துக்குடியிலோ சாதாரண நாள். அந்தக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. பத்து நிமிடம் வெட்டினால் 1.2 கனமீட்டர் காற்று போகும். ஏறக்குறைய 29 கிராம் தண்ணீர் கம்ப்ரஸருக்குள் நுழைகிறது. அதில் ஒரு பகுதி டேங்கின் அடியில் தங்கும், மீதி டார்ச்சை நோக்கிப் போகும். அங்கே அது எலக்ட்ரோடின் நுனியில் பதித்த ஹாஃப்னியம் பொட்டை அரிக்கும், நாசில் துளையைச் சிதைக்கும். மணிக்கணக்கில் உழைக்க வேண்டிய எலக்ட்ரோடு சில நிமிடங்களில் முடிந்துபோவது இப்படித்தான்.

கம்ப்ரஸர் வாயிலேயே ஒரு வாட்டர் செபரேட்டரை மாட்டினால் பெரிதாகப் பயனில்லை. அங்கே காற்று சூடாக இருக்கும், தண்ணீர் இன்னும் ஆவியாகவே இருக்கும், செபரேட்டர் துளியைத்தான் பிடிக்கும். முதலில் காற்றை ஆறவிட வேண்டும். சுவரில் 6 முதல் 8 மீட்டர் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பை ஏற்றி இறக்கி ஓட்டி, தாழ்வான இடத்தில் ஒரு டிரெய்ன் வால்வு வையுங்கள். கிளை எடுக்கும்போது பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். பி.வி.சி. பைப்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அழுத்தக் காற்றில் அது வெடித்துச் சில்லாகப் பறக்கும். பைப்பின் முடிவில், டார்ச் பக்கத்தில், 5 மைக்ரான் ஃபில்டர்-ரெகுலேட்டர். அதற்குப் பிறகு எண்ணெய்த் துளியைப் பிடிக்கும் கோலெஸிங் ஃபில்டர். கடைசியாக சிலிக்கா ஜெல் குடுவை. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். அதைத் தட்டில் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலமாகும். நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு, அதனால் சமையல் அவனில் வைக்காதீர்கள். தினமும் நிறைய வெட்டுபவர்களுக்கு ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் நியாயமான முதலீடு.

காற்று உலர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முகக்கண்ணாடித் துண்டு போதும். வெட்டி முடித்து டிரிகரை விட்டபின் டார்ச்சிலிருந்து காற்று சில நொடிகள் வந்துகொண்டிருக்கும். அதைக் கண்ணாடி மேல் படவிடுங்கள். மங்கலோ துளியோ எண்ணெய்ப் பூச்சோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு காற்று லைனைச் சரிசெய்யுங்கள்.

ஹோஸ் உள்விட்டம் குறைந்தது 8 மி.மீ. இருக்கட்டும். மலிவான குவிக் கப்ளிங்கின் உள்துளை சின்னதாக இருக்கும், அங்கேயே அழுத்தம் அரை பார் காணாமல் போகும்.

இயந்திரமும் டார்ச்சும்

விளம்பரத்தில் வரும் தடிமன் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. எந்த வேகத்தில் அந்தத் தடிமன் என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் வெட்டக்கூடியதை அன்றாட வெட்டுத் தடிமன் என்றும், 125 மி.மீ. வேகத்தில் எப்படியோ துண்டாகும் தடிமனைக் கடைசி எல்லை என்றும் பிரித்துச் சொல்வார்கள். உதாரணமாக ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ் 45 எக்ஸ்.பி.க்கு முதல் எண் 16 மி.மீ., கடைசி எண் 29 மி.மீ. இரண்டும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். விலை குறைந்த ‘கட் 40’ ரக இயந்திரத்தில் 12 மி.மீ. என்று எழுதியிருந்தால், சுத்தமான வெட்டு 8 மி.மீ. வரை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. தகட்டின் நடுவே துளைபோட்டுத் தொடங்குவதற்கு அதிலும் பாதிதான்.

டியூட்டி சைக்கிள் அடுத்தது. 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெட்டலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அது எந்த வெப்பநிலையில் அளந்தது என்று பாருங்கள். 25 டிகிரியில் அளந்த எண் நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் மே மாதம் செல்லாது. 40 டிகிரி என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

பைலட் ஆர்க் உள்ளதா என்பதுதான் விலையையும் வசதியையும் தீர்மானிக்கும் கேள்வி. அது இல்லாத இயந்திரத்தில் நாசில் தகட்டைத் தொட்டால்தான் வில் பிடிக்கும். துரு, பெயின்ட் இருந்தால் முரண்டு பிடிக்கும். பைலட் ஆர்க் இருந்தால் காற்றிலேயே சிறு வில் கிளம்பி, தகட்டை நெருங்கியதும் தாவும். வெல்டுமெஷ், ஓட்டைத் தகடு, துருப்பிடித்த பழைய தகடு எல்லாம் தொடர்ந்து வெட்டலாம். கூடுதல் காசு கொடுத்தாவது இதை எடுங்கள். பைலட் ஆர்க்கைத் தொடங்குவதிலும் இரண்டு வகை. ஹெச்.எஃப். வகை உயர் அதிர்வெண் பொறியால் தொடங்கும், பக்கத்திலுள்ள கம்ப்யூட்டரையும் சி.என்.சி. (கணினி வழி இயக்கும்) போர்டையும் குழப்பும். புளோபேக் வகை, காற்றழுத்தத்தால் எலக்ட்ரோடு பின்வாங்கிப் பொறி உண்டாக்கும். நாளை சி.என்.சி. மேசை அமைக்கும் எண்ணம் இருந்தால் புளோபேக் மட்டும்தான்.

டார்ச்சின் மாடல் எண்ணைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பி.டி. 31, ஏ.ஜி. 60, பி 80 போன்ற பரவலான டார்ச்சுகளுக்கு எலக்ட்ரோடும் நாசிலும் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். பெயர் தெரியாத டார்ச் என்றால், முதல் செட் தேய்ந்த அன்றே இயந்திரம் மூலையில் உட்காரும். வாங்கும்போதே பத்து எலக்ட்ரோடு, பத்து நாசில், இரண்டு ஷீல்டு கப் (நாசிலைப் பிடித்து மூடும் வெளி மூடி), ஒரு ஸ்விர்ல் ரிங் (காற்றைச் சுழற்றி அனுப்பும் வளையம்) எடுத்து வையுங்கள்.

உடம்பைக் காக்க

பிளாஸ்மா கட்டர் வெல்டிங் செட் மாதிரிதான் என்ற நினைப்பு ஆபத்தானது. வெல்டிங் செட்டில் வில் இல்லாதபோது 60 முதல் 80 வோல்ட் இருக்கும். பிளாஸ்மாவில் 200 முதல் 400 வோல்ட் வரை டி.சி. நாசில் மாற்றும் ஒவ்வொரு முறையும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் டார்ச்சில் கைவைக்க வேண்டும். கையுறை வியர்வையில் நனைந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு, 40 ஆம்ப்புக்குக் கீழே ஷேடு (கண்ணாடியின் கருமை அளவு) 5, 40 முதல் 60 வரை ஷேடு 6. வெல்டிங் ஹெல்மெட்டின் ஷேடு 11 போட்டால் கோடே தெரியாது, வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் போய்விடும். பாலியஸ்டர் சட்டை வேண்டாம், கனமான பருத்தி, பொறி விழுந்து தங்க மடிப்பு இல்லாத பேன்ட், கால் மூடிய ஷூ.

புகையை அலட்சியப்படுத்தாதீர்கள். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் மாலையில் குளிர்காய்ச்சல் வரும். எஸ்.எஸ். புகையில் உள்ள ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. இரண்டு பக்கமும் திறந்த இடம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், பி-100 அல்லது பி-3 தர முகமூடி. பிரேக் கிளீனர் மாதிரிக் குளோரின் கலந்த கரைப்பானால் தகட்டைத் துடைத்துவிட்டு வெட்டினால், வில்லின் ஒளியும் சூடும் அதை ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக்கும். மூடிய டிரம், பழைய பெட்ரோல் டேங்க் எதையும் வெட்டக் கூடாது, கழுவியிருந்தாலும்.

மேசைக்கு அடியில் மணல் போட்ட இரும்புத் தட்டு வையுங்கள். உருகிய துளி நேரே சிமென்ட் தரையில் விழுந்தால் தரை படீரென்று தெறிக்கும். பொறி ஐந்தாறு மீட்டர் ஓடும். வேலை முடிந்து அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டுப் போகாதீர்கள்.

முதல் வெட்டு

பயிற்சிக்கு 6 மி.மீ. எம்.எஸ். தகட்டுத் துண்டு ஒன்று எடுங்கள்.

1. டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஃபில்டர் குடுவையையும் காலி செய்யுங்கள்.

2. மெயின் அணைந்த நிலையில் டார்ச்சைக் கழற்றி எலக்ட்ரோடைப் பாருங்கள். நடுப்பொட்டில் குழி 1.5 மி.மீ. ஆழத்தை எட்டியிருந்தால் மாற்ற வேண்டும். நாசில் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வட்டமாக இல்லாமல் முட்டைவடிவமாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே லாபம். ஷீல்டு கப்பைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

3. எர்த் கிளாம்ப் (மின்சாரம் இயந்திரத்துக்குத் திரும்பும் வழி) தகட்டைப் பிடிக்கும் இடத்தைக் கிரைண்டரால் பளபளப்பாக்குங்கள். வெட்டி விழப்போகும் துண்டில் மாட்டாதீர்கள், துண்டு விலகியதும் வில் அறுந்துவிடும்.

4. காற்று ஓடும்போது அழுத்தத்தை 5 பாரில் வையுங்கள். நின்ற நிலையில் 5 வைத்தால் ஓடும்போது 4க்கு இறங்கும். வில் இல்லாமல் காற்றை மட்டும் ஓடவிடும் ஏர் செக் சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான்.

5. ஆம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். 1 முதல் 1.6 மி.மீ. ஷீட்டுக்கு 20, 3 மி.மீ.க்கு 30, 6 மி.மீ.க்கும் அதற்கு மேலும் 40. நாசில் துளையும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும், 1.0 மி.மீ. துளை 40 ஆம்ப்புக்குச் சரி. சின்னத் துளையில் அதிக ஆம்ப் கொடுத்தால் நாசில் எரியும், பெரிய துளையில் குறைந்த ஆம்ப் கொடுத்தால் வெட்டு சாய்ந்து வரும்.

6. டார்ச்சைத் தகட்டின் விளிம்பில், நாசில் துளை விளிம்புக்கு நேரே வரும்படி செங்குத்தாகப் பிடியுங்கள். இடைவெளி 1.5 முதல் 3 மி.மீ. டார்ச்சோடு வரும் கம்பிக் கைடை மாட்டினால் இது தானாக நிற்கும். நாசிலைத் தகட்டில் உரசிக்கொண்டு போகலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் உரசுங்கள். இல்லையென்றால் வில் நாசில் வழியாகவே தகட்டுக்குத் தாவி, துளையில் பள்ளம் விழுந்துவிடும்.

7. டிரிகரை அழுத்தி, பொறி அடிப்பக்கம் வெளியேறும்வரை நின்று, பிறகு நகருங்கள். 6 மி.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மீட்டர், அதாவது நொடிக்கு ஒன்றரை செ.மீ. டார்ச்சை உங்களை நோக்கி இழுப்பது தள்ளுவதைவிட எளிது.

8. முடிவில் டார்ச்சைச் சற்றுச் சாய்த்து அடிப்பக்கம் முழுக்க வெட்டுப்பட விடுங்கள். டிரிகரை விட்டபின் காற்று நிற்கும்வரை மெயினை அணைக்காதீர்கள். டார்ச் தலையை ஆறவைப்பது அந்தக் காற்றுதான்.

வேகம் சரியா என்பதை வெட்டும்போதே அடியில் வரும் பொறி சொல்லிவிடும். செங்குத்துக்கு 15, 20 டிகிரி பின்னால் சாய்ந்து விழுந்தால் சரி. நேர் கீழே கொட்டினால் மெதுவாகப் போகிறீர்கள். மேல்நோக்கித் திருப்பி அடித்தால் வேகம் அதிகம் அல்லது ஆம்ப் போதவில்லை. அந்த நிலையில் நிறுத்தாமல் போனால் உருகிய உலோகம் நாசிலில் அப்பிக்கொள்ளும்.

நேர்கோட்டுக்கு ஒரு ஃபிளாட்டைக் கிளாம்ப் பண்ணி அதை ஒட்டியபடி டார்ச்சை ஓட்டுங்கள். கோட்டிலிருந்து ஃபிளாட் இருக்க வேண்டிய தூரம் ஷீல்டு கப்பின் விட்டத்தில் பாதி. வெட்டுத் தடம் 1.5 மி.மீ. வாக்கில் அகலம் எடுக்கும், அதையும் அளவில் சேருங்கள்.

நடுவே துளைபோட, டார்ச்சை 30, 40 டிகிரி சாய்த்து, உருகிய துளி உங்களுக்கு எதிர்ப்பக்கம் தெறிக்கும்படி தொடங்குங்கள். துளை விழுந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். கழிவாகப் போகும் பகுதியில் துளைபோட்டுவிட்டுக் கோட்டுக்கு வருவதே முறை.

இன்னொரு நுணுக்கம். ஸ்விர்ல் ரிங் காற்றைச் சுழற்றி அனுப்புவதால் வெட்டின் இரு பக்கமும் ஒன்றாக இராது. சாதாரண டார்ச்சுகளில் நகரும் திசைக்கு வலப்பக்கம் நேராகவும், இடப்பக்கம் சாய்வாகவும் வரும். எனவே தேவையான துண்டு எப்போதும் உங்கள் பயணத்தின் வலப்பக்கம் இருக்கட்டும். வட்டத் தட்டு வேண்டுமென்றால் கடிகார முள் திசையில், தகட்டில் துளை வேண்டுமென்றால் எதிர்த்திசையில்.

வெட்டு கெட்டால்

அடியில் குமிழ் குமிழாகக் கசடு தொங்கி, சுத்தியால் தட்டினால் உதிர்ந்தால் வேகம் குறைவு. மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டு கிரைண்டர் இல்லாமல் போகாவிட்டால் வேகம் அதிகம். இரு பக்கமும் சாய்வாக இருந்தால் இடைவெளி அதிகம் அல்லது நாசில் தேய்ந்தது. ‘பட் பட்’ என்று வில் தும்மினால் காற்றில் ஈரம். வில் பிடித்துப் பிடித்து அணைந்தால் முதலில் எர்த் கிளாம்ப்பை, அடுத்து ஓடும்போதுள்ள காற்றழுத்தத்தை, அதற்கும் அடுத்து வோல்டேஜைப் பாருங்கள். காற்று வருகிறது, வில் வரவே இல்லை என்றால் ஷீல்டு கப் முழுக்க இறுகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கப் சரியாக உட்காராவிட்டால் பல டார்ச்சுகளில் பாதுகாப்புச் சுவிட்ச் தடுத்துவிடும்.

விளிம்பை வெல்டுக்குத் தயார் செய்வது

காற்றுப் பிளாஸ்மாவில் வெட்டிய எம்.எஸ். விளிம்பு நைட்ரஜனை உறிஞ்சியிருக்கும். அப்படியே வெல்டு வைத்தால் வெல்டு வரியில் ஊசித்துளைகள் விழும். ஃபிளாப் டிஸ்க்கால் அரை மி.மீ. தேய்த்தெடுத்துவிட்டு வெல்டு வையுங்கள். எஸ்.எஸ்.ஸில் கறுத்த படலம் முழுவதும் போகவேண்டும், அதற்கு இரும்பில் பயன்படுத்தாத தனி டிஸ்க். பிளாஸ்மாவில் போட்ட துளையின் சுவர் கடினப்பட்டிருக்கும் என்பதால் அதை டிரில்லால் பெரிதாக்கவோ டேப்பால் மரை போடவோ முயன்றால் பிட் முனை மழுங்கும். மரை போட வேண்டிய துளையை முதலிலிருந்தே டிரில்லில் போடுங்கள், போல்ட் சும்மா நுழையும் துளைக்கு மட்டும் பிளாஸ்மா.